மருந்தடிக்கும் கையும் இரத்தப் பரிசோதனையும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நாங்கள் படித்த காலத்தில் மலையில் மருந்தடிக்கும் நாளை மூக்கே சொல்லிவிடும். பாடசாலைக்கு வரும் குறுக்குப் பாதையிலும் அந்த நெடி நிற்கும். மாலையில் அப்பாமார் முதுகு டாங்கியை இறக்கிவிட்டு லயத்துக்கு வருவார்கள். நனைந்த சட்டையை அம்மாமார் பீலியில் வெறுங்கையால் கசக்குவார்கள். தலை சுற்றினால் 'வெயில்' என்றோம், வாந்தி வந்தால் 'வெறும் வயிறு' என்றோம். வேறு காரணமும் இருக்கலாம், அதை அளந்தே பார்க்கலாம் என்று வைத்தியம் படித்த பிறகுதான் அறிந்தோம்.

ஓர்கனோபொஸ்பேட் வகைப் பூச்சிகொல்லி உடலுக்குள் போனால் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியத்தை முடக்கும். எச்சில் ஊறும், கண்மணி சுருங்கும், தசை துடிக்கும். அந்த நொதியம் செங்குழியத்திலும் இருப்பதால் ஒரு குழாய் இரத்தம் போதும். செங்குழியம் ஏறக்குறைய 120 நாள் வாழும். அதனால் சில வாரங்களுக்கு முன் பட்ட மருந்தின் தடமும் அதில் தெரியும்.

சிக்கல் என்னவென்றால், இந்த அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். இயல்பிலேயே அளவு கூடியவருக்கு மூன்றில் ஒரு பங்கு குறைந்த பின்னும் அறிக்கையில் 'சரி' என்றே வரலாம். ஆகவே மருந்தடிக்கத் தொடங்குமுன்பே ஒருமுறை இரத்தம் எடுத்து எழுதிவைக்க வேண்டும். கலிபோர்னியாவில் செங்குழிய அளவு ஒருவரின் தொடக்க அளவில் 70 சதவீதத்துக்கு இறங்கினால் அவரை அந்த வேலையிலிருந்து விலக்க வேண்டும், 80 சதவீதத்துக்கு ஏறிய பிறகே திரும்பலாம். நம் மலையில் அப்படி விலக்கினால் அன்றைய பேரை யார் போடுவது?

களைகொல்லிக்கு இந்தச் சோதனை உதவாது. 2015இல் தடைசெய்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மீண்டும் அனுமதித்த கிளைபோசேட்டைச் சிறுநீரில்தான் தேட வேண்டும். அதுவும் சில நாட்களில் போய்விடும்.

நமது பதுளை மாவட்டத்திலேயே, கிராந்துருகோட்டைப் பக்கம், காரணம் தெரியாத சிறுநீரக நோய் பலரை வீழ்த்தியது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு அநுராதபுரம், பொலன்னறுவை, பதுளை மாவட்டங்களில் நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. சிறுநீர், இரத்தம், முடி, நகம் எல்லாம் பார்த்தார்கள். நோயாளிகளின் சிறுநீரில் கட்மியம் கூடுதலாக இருந்தது. கட்மியம் சிறுநீரகத்தில் பத்தாண்டுக்கு மேல் தங்கும். ஆனாலும் அதுதான் காரணம் என்று இன்னும் முடிவாகவில்லை. உடலுக்குள் போனதற்குச் சான்று வேறு, நோயைத் தந்ததற்குச் சான்று வேறு. பழுதான சிறுநீரகம் வெளியேற்றும் அளவே மாறியிருக்கலாம் அல்லவா?

அளப்பதிலும் கவனம் வேண்டும். மீனோ கருவாடோ சாப்பிட்டு வந்தால் ஆர்சனிக் கூடிக் காட்டும், அது பெரும்பாலும் தீங்கில்லாத வகை. மலையில் ஒதுங்க இடமில்லாததால் கொழுந்தெடுக்கும் பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. அவர்களது சிறுநீர் செறிந்திருக்கும், எல்லாமே கூடித் தெரியும். அதனால்தான் கிரியேட்டினினோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அப்பாவிடம் தோட்டத்தில் இரத்தம் எடுத்தார்கள். முடிவு கடைசிவரை வீட்டுக்கு வரவில்லை. அவள் இன்றும் எங்களிடம் அதைக் கேட்கிறாள்.

நம்மில் தாதியரும் மருத்துவமாதுகளும் இருக்கிறீர்கள். மயங்கி வருபவரிடம் எந்த மருந்து, எந்த மலை, எத்தனை நாள் என்று கேட்டு எழுதுங்கள். போத்தல் லேபலைக் கொண்டுவரச் சொல்லுங்கள். சோதனை முடிவில் ஒரு பிரதியை அவர் கையிலேயே கொடுங்கள்.