ஒரே போத்தல், ஊருக்கு ஒரு சட்டம்

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பள நாளுக்கு மறுநாள் எங்கள் வகுப்பறையில் சில வாங்குகள் காலியாகக் கிடக்கும். முதல் நாள் இரவு அந்த வீட்டில் என்ன நடந்தது என்று நாம் யாரும் கேட்பதில்லை. லயத்தில் இரண்டு காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர்தானே! எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

போன கூட்டத்தில் ஓர் அக்கா கேட்டார்: "இந்தியாவில சில இடத்தில சாராயமே விற்கக் கூடாதாம். சில இடத்தில விலை மலிவாம். நம்ம நாட்டில மட்டும் ஏன் அப்படி இல்ல?" நல்ல கேள்வி. அதற்கு இன்று பதில் சொல்கிறோம்.

இந்திய அரசியலமைப்பு மதுவை மாநிலங்களின் அதிகாரத்தில் விட்டிருக்கிறது. 2017இல் வந்த பொதுவான பொருள், சேவை வரிக்குள்ளும் குடிக்கும் மது வரவில்லை. ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி வரி போடலாம், தடையும் செய்யலாம். குஜராத்தில் அந்த மாநிலம் பிறந்த 1960 முதல் மதுவிலக்கு. பீகாரில் 2016 முதல். தமிழ்நாட்டில் 2003 முதல் டாஸ்மாக் மூலம் அரசாங்கமே சில்லறைக் கடை நடத்துகிறது. பக்கத்திலுள்ள புதுச்சேரியில் வரி குறைவு, அதனால் விலையும் குறைவு. 1964 ஒப்பந்தத்தின்படி கப்பலேறிய நம் உறவுகள் பலர் நீலகிரியில் குடியேறினார்கள். அங்கே கூடலூர்ப் பக்கம் கேரளம், கர்நாடகம், தமிழ்நாடு மூன்றும் சந்திக்கின்றன. எல்லையைத் தாண்டினால் சட்டமும் மாறும், விலையும் மாறும்.

நம் நாட்டில் வெள்ளைக்காரன் காலத்து 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. வரியைக் கொழும்பில் மத்திய அரசாங்கம் தீர்மானிக்கிறது. ஆகவே கொழும்பிலும் அட்டனிலும் போத்தல் விலை ஏறக்குறைய ஒன்றுதான். விலை ஒன்றானாலும் சுமை ஒன்றல்ல. 2024இல் நம் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அப்போது ஒரு முழுப் போத்தல் சாராயத்துக்கு இரண்டு நாள் கொழுந்து பறித்த கூலியும் போதவில்லை. இந்த இடத்தில்தான் கசிப்பு நுழைகிறது. கசிப்புக்கு வரியும் இல்லை, பரிசோதனையும் இல்லை. அது கண்ணையும் ஈரலையும் கெடுக்கக்கூடும்.

இங்கும் இடத்துக்கு இடம் மாறும் விசயங்கள் உண்டு. போயா தினத்தில் நாடு முழுவதும் கடை மூட வேண்டும். பெரஹரா காலத்தில் கண்டி நகரில் தனியாக மூடுவார்கள். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் எல்லா ஊருக்கும் பொதுவாகச் சொல்கிறது. ஆனால் எந்த ஊரில் எத்தனை கடை என்பதைத் தீர்மானிப்பது அனுமதிப்பத்திரம். அதில் அரசியல் இருக்கிறது. 2024இல் வழங்கிய அனுமதிப்பத்திரங்களின் பட்டியலை அதே ஆண்டு டிசம்பரில் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்க வேண்டி வந்தது நமக்கு நினைவிருக்கிறது.

சட்டம் மேலிருந்து மட்டும் மாறுவதில்லை. 1992இல் ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்தில், எழுத்தறிவு வகுப்புக்கு வந்த கிராமத்துப் பெண்கள் சாராயக் கடைகளை மூட வைத்தார்கள். அது மாநிலம் முழுவதும் பரவி, 1993இல் அங்கே சாராயம் தடையானது. 1995இல் முழு மதுவிலக்கே வந்தது. ஆனால் 1997இல் அரசாங்கம் அதைத் தளர்த்தியது. வருமான இழப்பும் கள்ளக் கடத்தலும் அதற்குக் காரணங்கள். கடையை மூடினால் மட்டும் போதாது என்பதே நமக்குப் பாடம்.

நாம் என்ன செய்யலாம்? புதிய கடை வரப்போகிறது என்று காதில் விழுந்தவுடனே கையொப்பம் சேர்த்து, பிரதேச செயலாளருக்கும் மதுவரித் திணைக்களத்துக்கும் எழுத்தில் ஆட்சேபணை கொடுப்போம். திறந்த பிறகு அழுது பயனில்லை. கசிப்புக் காய்ச்சும் இடத்தை மாதர் சங்கமாகச் சேர்ந்து முறையிடுவோம்; ஒருத்தியைத் தனியாக முன்னால் தள்ள வேண்டாம். குடிக்கு அடிமையான தோழரைக் கேலி செய்யாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவோம்.

கடைசியாக நம்மைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேர்தல் வந்தால் போத்தல் கொடுத்து ஆள் சேர்க்கிறார்கள். சங்கத்துக்காரர்களான நாங்களும் அதைப் பார்த்தும் பாராமல் இருந்திருக்கிறோம். இனி அது வேண்டாம். போத்தலுக்கு வாக்குப் போட்டவன் பிறகு சம்பளத்துக்காகக் குரல் கொடுக்க முடியாது.

அடுத்த சம்பள நாளுக்கு மறுநாள் நாங்கள் இடாப்புக் கூப்பிடும்போது, எல்லா வாங்கிலிருந்தும் "வந்தேன்" என்ற சத்தம் கேட்க வேண்டும். அது உங்கள் கையில் இருக்கிறது.