கையேடு வழியே கணக்கறிக்கை

தென்காசிக்கு அருகிலுள்ள சுந்தரபாண்டியபுரம் என்றதும் சூரியகாந்தி வயல்களும் ‘ரோஜா’ படமும் நினைவுக்கு வரும். அதே தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் இயங்கிவரும் ஜோஹோ மென்பொருள் நிறுவனமும் நினைவுக்கு வரட்டும். வியாபாரக் கணக்கை அட்டவணையாகவும் வரைபடமாகவும் தொகுத்துத் தரும் ‘ஜோஹோ அனலிட்டிக்ஸ்’ அவர்களுடையதுதான். 2018 வரை அதற்கு ‘ஜோஹோ ரிப்போர்ட்ஸ்’ என்று பெயர். கல்லூரிப் பட்டம் இல்லாத பிள்ளைகளுக்கும் பயிற்சி தந்து வேலை கொடுப்பவர்கள் அவர்கள். மனமாரப் பாராட்ட வேண்டிய காரியம்.

ஜோஹோ அனலிட்டிக்ஸ் போன்ற மென்பொருளை அதன் கையேட்டைப் பார்த்து வீட்டிலிருந்தே கற்கலாம். ஆனால் அதிலுள்ள மாதிரிக் கணக்கோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் வீட்டுச் சூரியகாந்தி விற்பனையை எடுங்கள். தேதி, வயல், மூட்டை, விலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. ஒரு விற்பனைக்கு ஒரு வரி. மூட்டை என்ற பத்தியில் 5 என்று மட்டும் இருக்க வேண்டும். ‘ஐந்து மூட்டை’ என்று எழுதினால் கூட்டல் வராது. தேதியை ஆளுக்கொரு விதமாகப் போட்டால் மாதவாரியாகப் பிரியாது. புதிதாகக் கற்பவர்கள் திணறுவது பெரும்பாலும் இங்கேதான். இது சரியாக அமைந்துவிட்டால், எந்த வயல் எந்த மாதம் எவ்வளவு தந்தது என்ற அறிக்கை நொடியில் வந்து நிற்கும்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளே, இந்த விடுமுறையில் கையேட்டின் முதல் அத்தியாயத்தைச் சொந்தக் கணக்கில் செய்து பாருங்கள்.