வீட்டுக்கு இன்ரநெற் எடுக்க முன்னம்
(குருநகரில் மீளக்குடியமர்ந்த குடும்பங்களுக்கு ஆற்றிய உரை)



வீடு, குடிதண்ணீர், அடையாள அட்டை என்று பெரிய அலுவல்கள் கிடக்க, இன்ரநெற்றுக்கு ஒரு கூட்டமா என்று சிலர் யோசிப்பீர்கள். ஆனால் எங்கள் மேசைக்கு வருபவர்கள் இப்போது அடிக்கடி கேட்பது இதைத்தான். பிள்ளைக்கு ஒன்லைன் வகுப்பு, அம்மா இன்னும் தமிழ்நாட்டு முகாமிலே, அண்ணன் கனடாவிலே, எந்த இணைப்பை எடுக்கிறது? இது மாதம் மாதம் கட்டுகிற காசு. பொருந்தாத பக்கேஜுக்குக் கையெழுத்து வைத்தால், கையில் இருக்கிற உதவிப் பணம் அதிலேயே கரைந்துவிடும்.

இந்தியாவிலிருந்து வந்தவர்கள் முதலில் ஒரு பழக்கத்தை மாற்றவேண்டும். அங்கே கைத்தொலைபேசிக்கு ரீசார்ஜ் செய்தால் நாளுக்கு 1.5 ஜி.பி., 2 ஜி.பி. என்று வரும். இன்றைக்கு முடிந்தால் நாளைக்குத் திரும்பக் கிடைக்கும். இங்கே வீட்டு இணைப்புகளில் பலவற்றுக்கு முழு மாதத்துக்கும் சேர்த்து ஓர் அளவுதான். முதல் கிழமையிலேயே அதை முடித்தால், மிச்சக் கிழமைகளுக்கு மேலதிகக் காசு கட்டவேண்டும், இல்லாவிட்டால் ஆமை வேகத்தில் இருக்கவேண்டும்.

விளம்பரத்தில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று ஜி.பி., மற்றது எம்.பி.பி.எஸ். டொக்டர் படிப்பு அல்ல. ஒரு செக்கனுக்கு எத்தனை மெகாபிற் என்பது. தண்ணீரை வைத்து யோசித்தால் விளங்கும். எம்.பி.பி.எஸ். என்பது குழாயின் அகலம், ஜி.பி. என்பது தாங்கியில் உள்ள தண்ணீர். குழாய் அகலமாக இருந்தால் தண்ணீர் கூடாது. தாங்கிதான் கெதியாக வெறுமையாகும். இன்னுமொன்று: எட்டுப் பிற் சேர்ந்ததுதான் ஒரு பைற். ஆகவே 10 எம்.பி.பி.எஸ். இணைப்பில் செக்கனுக்கு 10 எம்.பி. இறங்காது, 1.25 எம்.பி.தான் இறங்கும். அதைக் கண்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகவேண்டாம்.

சரி, உங்கள் வீட்டுக்கு எவ்வளவு தேவை? ஒரு எம்.பி.பி.எஸ். வேகத்தில் ஒரு மணித்தியாலம் தொடர்ந்து ஓடினால் 450 எம்.பி. செலவாகும். இந்த ஒரு கணக்கு போதும். சூமில் நடக்கும் வகுப்புக்கு அண்ணளவாக அந்த வேகம் காணும். ஒரு பிள்ளைக்கு நாளுக்கு 2 மணித்தியாலம், மாதத்தில் 25 நாள் என்றால் 22.5 ஜி.பி. இரண்டு பிள்ளைகளுக்கு 45 ஜி.பி. இனி, தெளிவான எச்.டி. படம் பார்க்க 5 எம்.பி.பி.எஸ். அளவு வேண்டும். இரவில் 2 மணித்தியாலம் வீதம் 30 நாளுக்கு 135 ஜி.பி.! பிள்ளைகளின் படிப்பைப் போல மூன்று மடங்கு. வட்ஸ்அப்பில் குரலில் மட்டும் கதைத்தால் செலவு மிகச் சிறிது; அம்மாவோடு ஆறுதலாகக் கதையுங்கள். யூரியூப்பில் படத்தின் தரத்தை 480க்குக் குறைத்தாலே பெரிய மிச்சம்.

வேகத்தையும் பாருங்கள். இரண்டு பிள்ளைகளின் வகுப்பும் ரீ.வி.யும் ஒரே நேரத்தில் ஓடினாலும் கூட்டினால் 7 எம்.பி.பி.எஸ்.தான். உண்மையாகவே 10 கிடைக்கிற இணைப்பு ஒரு சாதாரண குடும்பத்துக்குப் போதும். 100 என்று விற்பவர் பின்னால் ஓடத் தேவையில்லை என்பது என் எண்ணம். வகுப்பிலே பிள்ளையின் முகமும் குரலும் இங்கிருந்து அங்கே போகவேண்டும் என்பதால், அனுப்பும் வேகம் எவ்வளவு என்றும் கேளுங்கள். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது இறங்கும் வேகத்தைத்தான்.

அடுத்தது, எதன் வழியாக வருகிறது என்பது. பைபர் உங்கள் ஒழுங்கைக்கு வந்திருந்தால் அதுவே நல்லது. பழைய செப்புக் கம்பியில் தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் கூடக்கூட வேகம் குறையும். இணைப்புகள் துருப்பிடித்தாலும் கோளாறு வரும், கடற்கரையில் அது புதினமில்லை. சிம் போடுகிற 4ஜி றவுட்டர் உடனே கிடைக்கும், வீடு மாறினாலும் கொண்டு போகலாம். வாடகைக்கு இருப்பவர்களுக்கு அது வசதி. ஆனால் ஒரு கோபுரத்தை அயல் முழுவதும் பங்குபோடுகிறது. ஆகவே காலை பத்து மணிக்குக் கடைக்காரர் காட்டும் வேகத்தை நம்பவேண்டாம். அதே நிறுவனத்தின் சிம் உள்ள ஒருவரை உங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டு, இரவு 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் fast டொட் கொம் என்ற பக்கத்தில் அளந்து பாருங்கள். தொடர்மாடியில் இருப்பவர்கள் யன்னலோரத்திலும் உள் அறையிலும் தனித்தனியாக அளக்கவேண்டும். கொங்கிறீற் சுவர் சிக்னலை விழுங்கிவிடும். 2025 ஜூலையிலிருந்து ஸ்டார்லிங்கும் இலங்கையில் கிடைக்கிறது. அந்தத் தட்டு வாங்குகிற செலவு நம்மில் பலருக்குக் கட்டாது.

கையெழுத்து வைக்க முன்னம் கேட்கவேண்டியவை சில உண்டு. சொன்ன ஜி.பி.யில் எவ்வளவு பகலுக்கு, எவ்வளவு நள்ளிரவுக்குப் பின்? சில பக்கேஜுகளில் பெரிய பங்கு விடியப்புறத்துக்குத்தான், பிள்ளைக்கு அது உதவாது. "அன்லிமிட்டட்" என்றால் எந்த அளவுக்குப் பிறகு வேகம் குறையும்? சொன்ன விலையில் வரி அடங்குமா? இடையில் நிறுத்தினால் றவுட்டருக்கு எவ்வளவு கட்டவேண்டும்? அடையாள அட்டை இன்னும் வராதவர்கள் அயலவர் பெயரில் மாத பில் இணைப்பு எடுக்கவேண்டாம். ஒரு மாதம் கட்டத் தவறினால் கடன் அவர் தலையில், மனத்தாங்கல் இரண்டு வீட்டிலும்.

தொழிலுக்குப் போகும் குடும்பங்களுக்கு ஒரு சொல். கரன்ற் போனால் பைபர் பெட்டியும் நிற்கும், அதோடு ஓடும் வீட்டுத் தொலைபேசியும் நிற்கும். மாரியில் ஆள் கடலில் இருக்கும்போது அது சின்ன விசயமில்லை. வீட்டில் எது இருந்தாலும், சாதாரண கைத்தொலைபேசி ஒன்றை சார்ஜோடும் கொஞ்சக் காசோடும் வைத்திருங்கள்.

இணைப்பில் கோளாறு என்றால் முதலில் நிறுவனத்துக்குச் சொல்லி முறைப்பாட்டு எண்ணை எழுதி வையுங்கள். அவர்கள் கவனிக்காவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். விண்ணப்பப் படிவம் ஆங்கிலத்தில் இருந்து விளங்காவிட்டால் கையெழுத்து வைக்காமல் எங்கள் மேசைக்குக் கொண்டுவாருங்கள், வரி வரியாக வாசித்துச் சொல்கிறோம்.