பகட்டும் அழகும்



ஆடம்பரம் தீது, எளிமை நன்று என்று சொல்லிவிடுதல் எளிது. கேட்போரும் தலையசைப்பர். மறுநாள் கடைத்தெருவிற்குச் சென்று, தாம் வாங்க எண்ணியிருந்த அதே பொருளை வாங்கி வருவர். ஆதலின் இன்று உபதேசம் செய்ய நான் முற்படவில்லை. மனிதன் தனக்கு வேண்டாத பொருளை ஏன் விரும்புகின்றான், அழகற்றதை அழகென அவன் கருதுமாறு மயக்குவது எது என்னும் இரு வினாக்களை மட்டும் உங்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகின்றேன்.

முதலில் ஓர் உலோகத்தின் வரலாற்றைக் கேளுங்கள். அலுமினியம் இன்று நம் அடுக்களையிற் சோற்றுப் பானையாகவும் கரண்டியாகவும் கிடக்கின்றது. விருந்தினர் வருங்கால் அதனை மறைத்து வைப்போரும் உளர். ஆயின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இதனைத் தாதுவிலிருந்து பிரித்தெடுத்தல் மிக அரிதாயிருந்தது. 1855ஆம் ஆண்டு பாரிசு நகரிலே நடைபெற்ற பெரும் பொருட்காட்சியில் அலுமினியக் கட்டிகளை ஓர் அற்புதமாகக் காட்சிக்கு வைத்தனர். 1884ஆம் ஆண்டு அமெரிக்கத் தலைநகரில் வாசிங்டன் நினைவுத் தூண் நிறைவெய்தியபோது, அதன் உச்சியிலே ஏறக்குறைய 6 இறாத்தல் நிறையுள்ள அலுமினிய முடியொன்றைப் பொருத்தினர். பொருத்துமுன் அதனை நியூயோர்க்கின் புகழ்பெற்ற நகைக்கடையொன்றில் மக்கள் கண்டு வியக்குமாறு வைத்திருந்தனர். இரண்டே ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1886ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹோல் என்பாரும், பிரான்சில் ஹெரூ என்பாரும், ஒருவரையொருவர் அறியாமலே, மின்னோட்டத்தாற் குறைந்த செலவில் இவ்வுலோகத்தைப் பிரிக்கும் முறையைக் கண்டனர். விலை வீழ்ந்தது, விலையோடு மதிப்பும் வீழ்ந்தது.

நேயர்களே, இங்கே ஒரு கணம் நின்று சிந்தியுங்கள். அலுமினியத்தின் நிறம் மாறவில்லை. அதன் ஒளியும் இலேசும் குன்றவில்லை. மாறியது ஒன்றே: முன்பு சிலரிடம் மட்டும் இருந்தது, பின்பு எல்லாரிடமும் வந்தது. அப்படியாயின் முன்னாளில் அதனை அழகென வியந்தோர் கண்டது அழகையா, அருமையையா?

இவ்வினாவை ஆராய்ந்தவர் தோர்ஸ்டீன் வெப்லென் என்னும் அமெரிக்க அறிஞர். ஓய்வு வகுப்பினரைப் பற்றி 1899ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலிலே, கையால் அடித்துச் செய்த வெள்ளிக் கரண்டியையும் பொறியிற் செய்த அலுமினியக் கரண்டியையும் ஒப்பிடுகின்றார். உணவை எடுத்து உண்ணுதற்கு இரண்டும் ஒன்றே. எனினும் வெள்ளிக் கரண்டியை நாம் விரும்புகின்றோம். அதன் விலையை மனத்திற்கொண்டு நோக்கி, அவ்விலையையே அழகென மயங்குகின்றோம் என்பது அவர் கருத்து. பிறர் காணவேண்டும் என்பதற்காகவே செலவிடும் இவ்வழக்கம் செல்வரோடு நிற்பதில்லை என்றும் அவர் காட்டினார். ஒவ்வொரு படியில் உள்ளவரும் தமக்கு மேற்படியில் உள்ளவரைப் பார்த்தே தம் தேவைகளை வகுத்துக்கொள்கின்றனர்.

மனிதரிடத்து இயல்பாய் உள்ள இப்பலவீனத்தை வாணிகம் அறியாதிருக்குமா? ஃபோர்ட் நிறுவனத்தார் 'மொடல் டி' என்னும் மோட்டார் வண்டியை 1908 முதல் 1927 வரை பெருமாற்றம் எதுவுமின்றிச் செய்து விற்றனர். ஒன்றரைக் கோடி வண்டிகள் விற்பனையாயின. ஆயின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தார் வேறு வழி கண்டனர். ஆண்டுதோறும் வண்டியின் தோற்றத்தை மாற்றினால், சென்ற ஆண்டு வாங்கியவன் தன் வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அதனை எண்ணி நாணுவான் அல்லவா? 1948ஆம் ஆண்டில் கெடிலாக் வண்டியின் பின்புறத்திற் போர்விமானமொன்றின் வாலைப் போன்ற சிறு செட்டைகள் முளைத்தன. ஆண்டுக்காண்டு அவை வளர்ந்து, 1959இல் வானளாவுவன போல் நிமிர்ந்து நின்றன. அவற்றால் வண்டி பறக்கவில்லை. சில ஆண்டுகளில் அவை சுருங்கி மறைந்தன. இன்று நம் கையிலுள்ள தொலைபேசிகள் ஆண்டுதோறும் புத்துருக்கொண்டு வருவதும் அதே பாடத்தைப் படித்ததனாலேயாம்.

இனி, அழகுணர்ச்சியின் கேடு என்பது யாது? அது வறுமையன்று. பனையோலையாற் பின்னிய கடகமும் பெட்டியும் ஏழையின் பொருள்கள். ஆயினும் அவற்றில் அழகுக்குக் குறைவில்லை. அது புதுமையுமன்று. புதியன யாவும் இழிந்தன என்போர் பழையனவற்றையும் அறியாதோர். என் கருத்தில், ஒரு பொருள் தான் அல்லாத ஒன்றாக நடிக்கும்போதும், தான் இருக்கும் இடத்தை மறக்கும்போதும் அழகு கெடுகின்றது.

யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை எண்ணிப் பாருங்கள். நடுவே திறந்த முற்றம். அதன் வழியே ஒளியும் காற்றும் வந்தன, மழையும் வந்தது. தாழ்ந்த ஓட்டுக்கூரை வெயிலைத் தடுத்தது. அதனைக் கட்டியோர் வெக்கையையும் கச்சான் காற்றையும் அறிந்து கட்டினர். இன்றோ, குளிர்நாட்டு மாளிகையின் படத்தைப் பார்த்து, வெயில் படும் முகப்பெல்லாம் கண்ணாடி பதிக்கின்றோம். உள்ளே புழுங்குகின்றது, புழுக்கத்தைத் தீர்க்கக் குளிரூட்டும் பொறி வேண்டும், பொறிக்கு மின்கட்டணம் வேண்டும். சீமெந்துத் தூணுக்கு மரத்தின் வரிகளைத் தீட்டுகின்றோம். செவ்வரத்தையும் நித்தியகல்யாணியும் வேலியோரம் பூத்து உதிர, சுவாமி படத்திற்குப் பிளாஸ்டிக் மாலை சாத்துகின்றோம். அம்மாலை வாடாது, தூசிதான் படியும்.

இவை வெறும் இரசனைக் குறைபாடுகள் அல்லவோ, இவற்றால் யாருக்கு என்ன தீங்கு என்று சிலர் வினவலாம். தீங்கு உண்டு. 2017ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு நாளன்று, கொழும்பின் அருகே மீதொட்டமுல்லையில் மலைபோற் குவிந்திருந்த குப்பை சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு செப்டம்பர் மாதம் முதல் மெல்லிய பொலித்தீனையும் பொலிஸ்டைரீன் உணவுப் பெட்டிகளையும் அரசு தடைசெய்தது. அக்குப்பை ஒருவர் கொட்டியதன்று. ஒரு நகரம் முழுவதும் வாங்கி வீசியவற்றின் குவியல். வாங்கியோர் ஓரிடத்தில் வாழ்ந்தனர். அதன் கீழே வாழ்ந்தோர் வேறு மக்கள். வாழையிலையில் உண்டு எழுந்த காலத்தில், எஞ்சியதை மாடு தின்றது, மிகுந்தது மண்ணாயிற்று.

மற்றொரு தீங்கு வீட்டினுள் நிகழ்வது. மகளின் சாமத்தியச் சடங்கு ஒருநாள் மகிழ்ச்சி. உற்றார் கூடி, நீராட்டி, வாழ்த்தி உண்டு செல்லும் அளவில் அது இனிய வழக்கமே. அயல்வீட்டார் நடத்தியதைக் காட்டிலும் பெரிதாக நடத்தவேண்டும் என்னும் எண்ணம் புகுந்ததும், மண்டபமும் பல்லக்கும் ஒளிப்படக்காரரும் வருகின்றனர். தாயின் காப்பும் சங்கிலியும் அடைவு கடைக்குப் போகின்றன. அடைவு மீளாமலே நகை அறுதியாகின்றது. அந்நகை அப்பெண்ணின் படிப்புக்கு உதவியிருக்கக் கூடியது. அவள் பெயரால் நடந்த விழாவிற்கு அவளே விலை கொடுக்கின்றாள்.

2022ஆம் ஆண்டில் நம் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்த நேர்ந்தது. அந்நெருக்கடிக்குக் குடிமக்களின் ஆடம்பரமே காரணம் என்பது நேர்மையான கூற்றாகாது. அதற்குப் பெரிய காரணங்கள் வேறு உள. எனினும் எரிவாயுவுக்கும் எண்ணெய்க்கும் வரிசையில் நின்ற அந்த மாதங்களில், எது தேவை, எது பகட்டு என்பதைச் சொல்லாமலே அறிந்தோம். அவ்வறிவு வரிசையோடு கலைந்துபோதல் நன்றன்று.

வருவாய் சிறிதாயினும் செலவு பெருகாவிடிற் கேடில்லை என்னும் கருத்தை வள்ளுவர் எங்கே வைத்தார் என்பது நோக்கத்தக்கது. துறவறத்தில் அன்று; அரசியலில், 'வலியறிதல்' என்னும் அதிகாரத்தில் வைத்தார். தன் வலியும் மாற்றான் வலியும் தூக்கிப் பார்க்கும் அரசனுக்குச் சொல்லும் இடத்திலேயே இதனையும் சொன்னார். எனவே அளவறிந்து வாழ்தல் ஆசையைத் துறத்தல் அன்று; வலிமையைக் காத்தல்.

அலங்காரமே வேண்டாம் என்று நான் கூறவில்லை. வாசலிற் கோலமிடுவதும் அலங்காரமே. அது ஒருபிடி மாவில் முடிகின்றது, எறும்பும் உண்கின்றது. ஆதலின் அடுத்த முறை ஒரு பொருளை வாங்கக் கை நீட்டுமுன் மூன்று வினாக்களை எழுப்பிப் பாருங்கள். இதனை எவரும் காணமாட்டார் எனினும் நான் விரும்புவேனா? இஃது என் வீட்டிற்கும் வெயிலுக்கும் பொருந்துமா? பயன் தீர்ந்தபின் இது எவர் வாசலிற் போய்க் கிடக்கும்? மூன்றிற்கும் தயங்காது விடை வருமாயின், மகிழ்வோடு வாங்குங்கள். அப்பொருள் பல்லாண்டு உங்களோடு இருக்கும்.