வண்டியின் சத்தம் சொல்லும் சேதி

தோட்டத்துக் குடும்பத்தில் கார் வாங்குவது சிறிய காரியமன்று. தகப்பனாரின் சேமநிதி, தாயார் கட்டிய சீட்டுப் பணம், மகனின் சம்பளம் எல்லாம் அதில் அடங்கியிருக்கும். அந்த வண்டியில் ஒரு நாள் வழக்கத்துக்கு மாறான சத்தம் கேட்டால் வீட்டாருக்குக் கலக்கம் உண்டாகிறது. "கியர் பெட்டியைப் பிரிக்க வேண்டும்" என்று பட்டறையில் சொல்லிவிட்டால் கலக்கம் இரு மடங்காகிறது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை நாமே ஓரளவு அறிந்துகொள்ள முடியுமா? முடியும். அதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

நம் நாட்டில் 1998ஆம் ஆண்டு வெளிவந்த புரோட்டோன் சத்ரியா ஜி.டி.ஐ. காரை எடுத்துக்கொள்வோம். 1.8 லிட்டர் மிட்சுபிஷி இயந்திரமும், கையால் மாற்றும் ஐந்து கியர்களும் கொண்ட வேக வண்டி அது. 2005ஆம் ஆண்டோடு அதன் உற்பத்தி நின்றுவிட்டது. ஆகவே, இன்று அதை வாங்குகிற இளைஞர் பழைய வண்டியையே வாங்குகிறார். தேய்மானம் இருக்கத்தான் செய்யும். இங்கே சொல்பவை கை கியர் வைத்த பழைய சாகா, கஞ்சில் கார்களுக்கும் பொருந்தும். இவை யாவும் முன் சக்கரங்களால் இழுக்கப்படும் வண்டிகள்.

இயந்திரத்தின் சக்தி முதலில் கிளச்சுக்கும், பிறகு கியர் பெட்டிக்கும், அங்கிருந்து இரண்டு அச்சுத் தண்டுகளின் வழியாக முன் சக்கரங்களுக்கும் போகிறது. எல்லா உறுப்புகளும் எல்லா நேரத்திலும் சுழல்வதில்லை. அந்நாளில் காய்ச்சல் என்று தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனால், "எப்போது வருகிறது? குளிரோடு வருகிறதா?" என்றுதான் டிரசர் முதலில் கேட்பார். சத்தத்தையும் அப்படியே விசாரிக்க வேண்டும். என்ன சத்தம் என்பதைவிட, எப்போது வருகிறது என்பதே முக்கியம்.

முதல் சோதனையை வண்டியை நிறுத்தி வைத்தே செய்யலாம். கை பிரேக்கை இழுத்துவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, இயந்திரத்தை ஓடவிடுங்கள். கிளச்சு மிதியை மிதிக்காதபோது இரைச்சல் கேட்டு, மிதித்ததும் நின்றுவிட்டால், கியர் பெட்டிக்குள் நுழையும் தண்டின் பேரிங் மீது ஐயம் கொள்ளலாம். மாறாக, மிதிக்கும்போதுதான் கீச்சென்று சத்தம் எழுந்தால், கிளச்சை விடுவிக்கும் பேரிங் தேய்ந்திருக்கக்கூடும்.

இரண்டாவது, கியர் மாற்றும்போது வரும் சத்தம். ஒரே ஒரு கியரில் போடும்போது மட்டும் 'கர்ர்' என்று அரைத்தால், அந்தக் கியரின் வேகத்தை இணக்கும் பித்தளை வளையம் தேய்ந்திருக்கலாம். எல்லாக் கியர்களும் முரண்டு பிடித்து, ரிவர்ஸ் போடும்போதும் அரைத்தால், கிளச்சு முழுவதும் விடுபடவில்லை என்று பொருள். அப்போது கியர் பெட்டியைப் பிரிக்கும் முன் கிளச்சைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, வளைவில் வரும் சத்தம். ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாக நகரும்போது 'டக், டக்' என்று கேட்டால், அச்சுத் தண்டின் வெளி மூட்டு தேய்ந்திருக்கலாம். சக்கரத்தின் உட்புறம் குனிந்து பாருங்கள். மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் சிதறியிருந்தால் ஐயம் வலுப்படும். உறை கிழிந்தவுடனே மாற்றினால் செலவு குறைவு. மண்ணும் நீரும் புகுந்த பின் மூட்டையே மாற்ற நேரிடும்.

நான்காவது, ஓட ஓட 'ஊம்' என்று பெருகும் இரைச்சல். என் பழைய மாணவர் ஒருவரின் காரில் இது வந்தது. கியர் பெட்டி போய்விட்டதென்று ஒரு பட்டறையில் சொல்லிவிட்டார்கள். இரண்டு மாதச் சம்பளம் போகும் செலவு அது. பணம் கொடுக்குமுன் அவர் ஒரு காரியம் செய்தார். ஆளில்லாத சமதளச் சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே சிறிது நேரம் நியூட்ரலில் விட்டுப் பார்த்தார். இயந்திரத்தின் வேகம் தணிந்தது, 'ஊம்' தணியவில்லை. வலப்பக்கம் வளைந்தபோது அது பெருகியது. இடப்பக்கம் வளைந்தபோது குறைந்தது. வலப்பக்கம் வளையும்போது வண்டியின் பாரம் இடச் சக்கரங்களின் மேல் சாய்கிறது அல்லவா? முடிவில் குற்றவாளி இடது முன் சக்கரத்தின் பேரிங். கியர் பெட்டியைத் தொட வேண்டிய தேவையே வரவில்லை. தேய்ந்த டயரும் இதே போல் இரையும். ஆகவே டயர்களையும் தடவிப் பாருங்கள்.

இந்தச் சோதனைகளைப் பகல் வேளையில், வாகனம் இல்லாத சமதளச் சாலையில், மெதுவான வேகத்தில்தான் செய்ய வேண்டும். இறக்கத்தில் நியூட்ரலில் விடக்கூடாது. ஓடும்போது சாவியைத் திருப்பி இயந்திரத்தை அணைக்கவே கூடாது. ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளக்கூடும், பிரேக்கின் வலுவும் குறையும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் நுழைவது உயிருக்கே ஆபத்து. பேரிங் தேய்ந்த சக்கரத்தோடு நெடும்பயணம் போவதும் அப்படித்தான். "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப் போடாதீர்கள்.

நேயர்களே, நாம் மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. எந்தக் கியரில், எந்த வேகத்தில், மிதியை மிதித்தபோதா விட்டபோதா, எந்தப் பக்கம் வளையும்போது என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி, பட்டறைக்காரரிடம் கொடுங்கள். ஓட்டுகிற பையனைவிட அருகில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கே சில சத்தங்கள் தெளிவாகக் கேட்கும். அவரையும் கேட்டு எழுதுங்கள். நல்ல பட்டறைக்காரர் அந்தத் தாளை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார். அதைப் படிக்காமலே கியர் பெட்டியைப் பிரிக்கத் துணிபவரிடம் வண்டியை விடாமல், இன்னொருவரிடமும் காட்டி யோசனை கேளுங்கள்.