இதயத்தின் வாசற்கதவு
(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழாவில் நோயைப் பற்றிய பேச்சா என்று நீங்கள் நினைக்கலாம். ஓட்டப் பந்தயத்தில் கோப்பை வாங்கும் பிள்ளைக்கும் இந்தக் குறை இருக்கலாம். அதனால்தான் இந்த மேடையிலேயே சொல்கிறேன். நான் டாக்டர் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரண ஆசிரியன். படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறேன்.

சைக்கிள் டியூபில் வால்வு இருக்கிறது. காற்று உள்ளே போகும், திரும்பி வராது. நம் இதயத்திலும் அப்படி நான்கு வால்வுகள் உண்டு. அவற்றுள் ஒன்று, உடம்பு முழுவதற்கும் இரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனியின் வாசலில் இருக்கிறது. அந்தக் கதவுக்கு மூன்று இதழ்கள் இருக்க வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே இரண்டு இதழ்கள்தாம் அமைகின்றன. நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு இப்படி இருக்கிறது. பெண்களைவிட ஆண்களுக்கே அதிகம். இது யார் செய்த பாவமும் அல்ல. கர்ப்பத்தில் தாய் எதையோ சாப்பிட்டதால் வந்ததும் அல்ல. வீட்டில் யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டாம்.

இரண்டு இதழ்க் கதவும் பல வருடங்கள் நன்றாகவே வேலை செய்யும். வயது ஏற ஏறத் தடித்துச் சரியாகத் திறக்காமல் போகலாம். அல்லது சரியாக மூடாமல் இரத்தம் பின்னால் ஒழுகலாம். இன்னொரு ஆபத்தும் உண்டு. இப்படிப் பிறந்தவர்களில் பலருக்குப் பெருந்தமனியின் சுவரும் பலவீனமாக இருக்கும். பழைய ரப்பர்க் குழாய் ஓரிடத்தில் உப்புவதுபோல அது மெல்ல மெல்ல விரியும். வலி தெரியாது. ஒரு நாள் கிழிந்தால் உயிருக்கே ஆபத்து.

‘டெர்மினேட்டர்’ பட நடிகர் அர்னால்ட் சுவார்செனேகரைப் பிள்ளைகளுக்குத் தெரியும். உலகமே வியந்த உடற்கட்டு! அவருக்கும் பிறவியிலேயே இந்த வால்வுக் குறை இருந்தது. 1997-இல், உடம்பில் எந்தத் தொந்தரவும் தெரியாத நிலையிலேயே, அறுவை சிகிச்சை செய்துகொண்டார். ஆக, உடம்பு பலத்தைப் பார்த்து இதயத்தை எடை போட முடியாது.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பள்ளிக்கு வரும் சுகாதாரக் குழுவோ கிளினிக் டாக்டரோ பிள்ளையின் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, “சத்தம் கேட்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்” என்று கடிதம் கொடுக்கிறார்கள். “பையன் நல்லாத்தானே ஓடுறான், விளையாடுறான், ஒரு நாள் வேலையைக் கெடுத்துக்கிட்டு எதுக்குப் போகணும்?” என்று அந்தக் கடிதத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகிவிடுகிறோம். பெற்றோர்களே, இதைத்தான் மாற்ற வேண்டும். பல பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் கெடுதல் இல்லாததாகவே இருக்கும். ஆனால் எது கெடுதல், எது இல்லை என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் எடுப்பதுபோல நெஞ்சில் எடுப்பார்கள். ஊசி இல்லை, வலி இல்லை.

கிள்ளானில் துங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை இருக்கிறது. மேல் சிகிச்சை தேவையென்றால் கடிதம் கொடுத்து அனுப்புவார்கள். கோலாலம்பூரில் தேசிய இருதயக் கழகம் 1992 முதல் இயங்கி வருகிறது. கிள்ளானில் ரயில் ஏறிப் பிரிக்பீல்ட்ஸ் கே.எல். சென்ட்ரலில் இறங்கி, மோனோரயிலில் தித்திவங்சா போனால் அங்கிருந்து பக்கம்தான். பணக் கஷ்டம் என்றால் அரசாங்க மருத்துவமனையின் சமூகப் பணிப் பிரிவில் வாய் திறந்து கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

ஒருவருக்குக் குறை தெரிந்தால், அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரும் ஸ்கேன் எடுத்துக்கொள்வது நல்லது. இந்த நெருங்கிய சொந்தத்தில் ஏறக்குறைய பத்துக்கு ஒருவருக்கு இது இருக்கலாம்.

பெருந்தமனி விரிந்திருக்கிறது என்று தெரிந்தவர்கள் இரத்த அழுத்தத்தைக் கட்டுப்பாட்டில் வைக்க வேண்டும். புகைப்பதை விட வேண்டும். செம்பனைக் குலை 20 கிலோவும் இருக்கும். மூச்சைப் பிடித்து அதைத் தூக்கும்போது அழுத்தம் சட்டென்று ஏறும். ஆகையால் என்ன வேலை செய்யலாம் என்று டாக்டரைக் கேட்டு, அவர் தரும் கடிதத்தை மண்டோரிடம் காட்டுங்கள். பல்லையும் ஈறையும் சுத்தமாக வையுங்கள். வாயிலுள்ள கிருமி இரத்தத்தில் கலந்து குறையுள்ள வால்வில் தங்கிவிடக்கூடும். மூச்சு வாங்குதல், மயக்கம், நெஞ்சு இறுக்கம் இருந்தால் தள்ளிப் போடாதீர்கள். நெஞ்சிலோ முதுகிலோ திடீரென்று கிழிப்பதுபோல வலித்தால், காற்றுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராமல் உடனே 999-ஐ அழையுங்கள்.

ஸ்கேன் எடுத்த எல்லாருக்கும் ஆபரேஷன் இல்லை. பலருக்கு வருடத்துக்கு ஒரு முறையோ சில வருடங்களுக்கு ஒரு முறையோ அளந்து பார்த்தாலே போதும். பெரியவர்களுக்குப் பெருந்தமனி 5.5 சென்டிமீட்டர் அளவுக்கு விரிந்தால் ஆபரேஷன் செய்யச் சொல்வார்கள். சிலருக்கு அதற்கு முன்பே தேவைப்படும். கெட்ட வால்வை எடுத்துவிட்டுப் புதிய வால்வு பொருத்துகிறார்கள். கேரளத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் குழுவினர் குறைந்த விலையில் ஒரு வால்வை உருவாக்கினார்கள். அது 1990-இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதன்பின் இலட்சம் பேருக்கு மேல் அதனால் பயன் பெற்றிருக்கிறார்கள். இப்படிப்பட்ட உலோக வால்வு வைத்தவர்கள், இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை ஆயுள் முழுவதும் தவறாமல் சாப்பிட வேண்டும்.

பால் மரத்தைக் கீறியவர்களும் செம்பனைக் குலை வெட்டியவர்களும் வியர்வை சிந்தி வளர்த்த பிள்ளைகள் இவர்கள். ஒரு நாள் சம்பளம் போனால் மறு நாள் சம்பாதித்துக்கொள்ளலாம். ஆகவே, வீட்டில் செருகி வைத்த கடிதம் எதுவும் இருந்தால், வரும் திங்கட்கிழமையே எடுத்துக்கொண்டு புறப்படுங்கள் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.