தனிமையான இடமும் அங்கே நின்றவர்களும்

(வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு சிந்தனை. பங்கின் குடும்ப நலப் பணியில் ஈடுபட்டுள்ள தம்பதியர் இணைந்து வழங்கியது.)



இன்று பொதுக்காலத்தின் 16-ஆம் ஞாயிறு. மாற்கு நற்செய்தி 6-ஆம் அதிகாரத்திலிருந்து ஒரு சிறு பகுதியைத் திருப்பலியில் கேட்டிருப்பீர்கள். ஊர் ஊராகப் போய்ப் பணி செய்துவிட்டுத் திருத்தூதர்கள் களைத்துத் திரும்பியிருக்கிறார்கள். ஆனால் வந்து மொய்க்கும் கூட்டத்தால் ஒரு வாய்ச் சோறுகூட அவர்களுக்கு நிம்மதியாக இறங்கவில்லை. ஆண்டவர் அவர்களைத் தனியே கூப்பிட்டு, கொஞ்சம் இளைப்பாறச் சொல்கிறார். படகேறி ஆளரவமற்ற ஒரு கரைக்குப் போகிறார்கள். போய் இறங்கினால், கால்நடையாக ஓடிவந்த மக்கள் இவர்களுக்கு முன்பே அங்கே நிற்கிறார்கள்.

திருமண முன்தயாரிப்பு வகுப்பு நடத்தப் போகும்போதெல்லாம் இளம் ஜோடிகள் எங்களிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. சபைக்கு நடுவில் கேட்கமாட்டார்கள், தேநீர் இடைவேளையில் வந்து கேட்பார்கள். "அங்கிள், ஹனிமூனுக்கு மாலத்தீவு போகலாம்னு இருக்கோம். வீட்ல ஆடம்பரம்னு திட்றாங்க. தப்பா?" முன்பெல்லாம் பொதுவாக ஏதாவது சொல்லி அனுப்பிவிடுவோம். இப்போது கொஞ்சம் நின்று பேச முடிகிறது. எங்கள் முப்பதாவது திருமண நாளுக்கு மகளும் மருமகனும் அங்கே நான்கு இரவுகள் தங்கப் பணம் கட்டிவிட்டு, பயணச்சீட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். மறுக்க வழியில்லாமல் போய்வந்தோம்.

மாலத்தீவு நமக்குப் புதிய பெயர் இல்லை. தூத்துக்குடித் தோணிகள் வெங்காயமும் உருளைக்கிழங்கும் கட்டடச் சாமான்களும் ஏற்றிக்கொண்டு மாலே துறைமுகத்துக்குப் போய்வருவதை நம் கடற்கரையில் அறியாதவர் யார்? எங்கள் அப்பாவும், அதாவது எங்களில் ஒருவருக்கு அப்பா, மற்றவருக்கு மாமனார், அப்படிப் போய்வந்தவர்தான். அவருக்கு மாலே என்றால் சரக்கு இறக்குகிற இடம். திரும்பும்போது மாசிக் கருவாடு கொண்டுவருவார், வீடு முழுக்க அந்த வாசம் அடிக்கும். அம்மா அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. காற்று மாறிவிட்டால், தோணி கரை சேரும்வரை ஜெபமாலையைக் கீழே வைக்கமாட்டார்கள்.

அதே கடலுக்கு நாங்கள் திருவனந்தபுரத்திலிருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் பறந்து போனோம். மாலேயிலிருந்து மிதவை விமானம். அதன் ஓட்டுநர் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார், அங்கே அதுதான் வழக்கமாம். அந்த விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். சாயங்காலம் வந்து இறங்குகிறவர்கள் மாலே பக்கம் ஓர் இரவு செலவு செய்துதான் தீரவேண்டும். அறைக்குச் சொல்கிற விலையோடும் கணக்கு முடியாது. அதன்மேல் சேவைக் கட்டணம், அரசு வரி, போதாததற்கு ஆளுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று பசுமை வரியும் உண்டு. திட்டமிடுகிற இளையோர் இதையெல்லாம் முன்கூட்டியே கூட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

அங்கே ஏறத்தாழ 1,200 தீவுகள் இருக்கின்றன. மக்கள் ஊராகக் குடியிருப்பவை 200-க்கும் குறைவு. 1972-இல் மாலே அருகே முதல் சுற்றுலா விடுதி திறந்தார்கள். அதுவரை அந்த மக்களின் பிழைப்பு பெரும்பாலும் மீனும் தேங்காயும்தான். இன்று ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்ற கணக்கில் 170-க்கும் மேல் இருக்கின்றன. தங்குகிறவர்களையும் வேலை செய்கிறவர்களையும் தவிர அந்தத் தீவில் வேறு யாரும் கிடையாது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் சுற்றி நடந்துவிடலாம். தரை கடல்மட்டத்திலிருந்து ஓர் ஆள் உயரம்கூட வராது. தண்ணீர்மேல் தூண் நட்டுக் கட்டிய குடில் எங்களுக்கு. படுக்கையில் துவாலையை மடித்து இரண்டு அன்னங்கள் செய்து, கழுத்தோடு கழுத்து சேர்த்து வைத்து, சுற்றிலும் பூவிதழ் தூவியிருந்தார்கள். இந்த வயதில் அதைப் பார்த்து எங்களுக்குச் சிரிப்பு வந்தது.

முதல் நாள் பார்க்கிறதும் படம் எடுக்கிறதுமாகப் போனது. இரண்டாம் நாள் மதியம் பேச்சு நின்றுவிட்டது. சண்டை ஒன்றும் இல்லை. பேசுவதற்கு எதுவும் இல்லை, அவ்வளவுதான். நம் வீடுகளில் கணவன் மனைவி பேசுவதை ஒருநாள் கவனித்துப் பாருங்கள். கேஸ் தீர்ந்துவிட்டது, வட்டி கட்டணும், பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு என்ன மொய் எழுதுவது என்றுதான் ஓடும். நாங்களும் முப்பது ஆண்டுகள் இப்படி நிறையவே பேசியிருக்கிறோம். அந்தத் தீவில் கேஸும் இல்லை, மொய்யும் இல்லை. கடலைப் பார்த்து இரண்டு நாற்காலி மட்டும் இருந்தது.

அன்று அறையைச் சுத்தம் செய்ய வந்த தம்பி நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, "அம்மா, நீங்க தமிழா?" என்று முகமெல்லாம் மலரக் கேட்டான். மானாமதுரை பக்கத்து ஊர்க்காரன். கல்யாணமாகிப் பதினான்கு மாதம். விடுப்பில் வந்து தாலி கட்டி, நாற்பது நாள் சேர்ந்து இருந்துவிட்டுத் திரும்பியவன். இன்னும் பத்து மாதம் கழித்துத்தான் ஊருக்கு வரமுடியும். ஒவ்வொரு நாளும் புதுமணத் தம்பதியரின் படுக்கையில் அன்னம் செய்து, பூ தூவி, கதவைச் சாத்திவிட்டுப் போவதுதான் அவன் வேலை. "ஒரு நாளைக்கு எத்தனை அன்னம்ப்பா செய்வ?" என்று விளையாட்டாகக் கேட்டோம். "வர்ற ஆளைப் பொறுத்து, பத்து இருபது ஆகும்மா" என்றான். பிறகு, "நீங்க ரெண்டு பேரும் எப்பவும் ஒண்ணாவே இருந்தவங்களாய்யா?" என்று கேட்டான்.

இல்லை. திருமணமான இரண்டாம் ஆண்டில் எங்களில் ஒருவர் குவைத்துக்குப் போனார். ஏழு ஆண்டுகள் அங்கே வேலை. மற்றவர் கைக்குழந்தையோடு தூத்துக்குடியில் இருந்தார். நேயர்களே, இதை வானொலியில் சொல்லலாமா என்று நாங்கள் இருவரும் பலநாள் பேசி, சொல்லலாம் என்று முடிவு செய்த பிறகுதான் சொல்கிறோம். அவர் விமானம் ஏறிய இரண்டாம் மாதம் எங்கள் இரண்டாவது குழந்தை வயிற்றிலேயே கலைந்துபோனது. கடிதத்தில் 'காய்ச்சல்' என்று மட்டும் எழுதப்பட்டது. தூரத்தில் இருக்கிறவர் தாங்கமாட்டார் என்ற எண்ணம். சில ஆண்டுகள் கழித்து அம்மா வாயிலிருந்து அவருக்கு விஷயம் தெரிந்தது. தெரிந்தும் கேட்கவில்லை, ஆறின புண்ணைக் கீறுவானேன் என்று. இப்படி இருவருக்குமே தெரியும், இருவருமே பேசவில்லை. ஒரே வீட்டில் அது இருபத்தெட்டு ஆண்டுகள் எங்களோடு குடியிருந்தது.

அன்றிரவு பேசினோம். என்ன பேசினோம் என்பது எங்களோடு இருக்கட்டும். விடியும்வரை பேசினோம் என்பதை மட்டும் சொல்கிறோம். தோபித்து நூலில் தோபியாவும் சாராவும் மணவறைக் கதவு சாத்தப்பட்ட பிறகு முதல் காரியமாக எழுந்து நின்று மன்றாடுகிறார்கள். வகுப்பில் அதைப் பலமுறை சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அன்றைக்குத்தான் நாங்களும் அப்படி எழுந்து நின்று, பெயர் வைக்காத அந்தப் பிள்ளைக்காகச் சேர்ந்து ஜெபித்தோம்.

மறுநாள் ஞாயிறு. மாலத்தீவில் நம் ஆலயம் எதுவும் இல்லை. அது இசுலாமிய நாடு, பிற சமயத்தவர் பொதுவில் வழிபாடு நடத்தச் சட்டம் இடம் தருவதில்லை. திருப்பலியில் பங்கேற்க இயலாத இடத்தில், தனியாகவோ குடும்பமாகவோ தகுந்த நேரம் மன்றாட்டில் செலவிடும்படி திருச்சபைச் சட்டமே பரிந்துரைக்கிறது. கைப்பேசியில் அன்றைய வாசகங்களை எடுத்து ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டோம். வேலைக்காரர்களுக்காகத் தீவின் பின்பக்கம் ஒரு சிறு பள்ளிவாசல் உண்டு. அங்கிருந்து பாங்கொலி மெதுவாக வந்தது. அதையும் கேட்டோம்.

அந்தப் பின்பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். வரைபடத்தில் அதைப் பச்சையாக மட்டும் காட்டியிருப்பார்கள். தம்பி வழிகாட்ட, அனுமதி வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தோம். மின்சாரத்துக்கு டீசல் இயந்திரம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, துணி வெளுக்குமிடம், வேலையாட்கள் படுக்கிற வரிசை அறைகள் எல்லாம் அடர்ந்த மரங்களுக்குப் பின்னால் இருந்தன. உள்ளூர்க்காரர்களோடு வங்கதேசத்தவர், இலங்கையர், மலையாளிகள், நம் பிள்ளைகள். பாதிப்பேருக்கு மேல் திருமணமானவர்கள் என்றான். முன்பக்கத்தில் இரண்டிரண்டு பேராக நாங்கள் தனிமையை அனுபவிக்க, பின்பக்கத்தில் இத்தனை பேர் ஒவ்வொருவராகத் தனியே இருந்தார்கள். நற்செய்தியில் படகு போய்ச் சேர்ந்த கரையும் காலியாக இல்லையே. ஆண்டவர் தம் சீடர்களின் ஓய்வு கெட்டதே என்று முகம் சுளிக்கவில்லை. நின்றவர்களைப் பார்த்தார், இரங்கினார். அதற்காக ஓய்வே வேண்டாம் என்றும் அவர் சொல்லவில்லை. கூட்டிக்கொண்டு போனவரே அவர்தானே.

ஆகவே அந்த இளம் ஜோடிகளுக்கு எங்கள் பதில் இது. தனியாகப் போவது தப்பில்லை. இணைச்சட்ட நூலில் ஓர் அழகான சட்டம் இருக்கிறது. புதிதாக மணம் முடித்தவனைப் போருக்கு அனுப்பக் கூடாது, அவன் ஓராண்டு வீட்டிலிருந்து மனைவியை மகிழ்விக்கட்டும் என்கிறது அது. பகைவர் சூழ்ந்த ஒரு சிறு மக்களினம் ஒரு போர்வீரனை மனைவிக்காக விட்டுக்கொடுத்தது. நம் ஊரிலோ கல்யாணம் ஆனதும் மறுவீடு, பெரியம்மா வீட்டு விருந்து, சின்ன மாமா வீட்டு விருந்து. சீடர்களுக்குச் சாப்பிட நேரமில்லை, நம் புதுமணத் தம்பதியருக்குச் சாப்பிட மட்டும்தான் நேரம். வேளாங்கண்ணிக்கு அனுப்புகிறோம் என்று சொல்லி, கூடவே பன்னிரண்டு பேர் வேனில் ஏறிக்கொள்கிறோம். பெற்றோரே, தயவுசெய்து அந்த வேனிலிருந்து இறங்கிவிடுங்கள்.

ஆனால் பிள்ளைகளே, கடன் வாங்கி மாலத்தீவு போகாதீர்கள். நான்கு நாளுக்காக மூன்று ஆண்டு தவணை கட்டி, அந்தத் தவணைக்காக ஒருவர் வெளிநாடு போகவேண்டி வந்தால் அது என்ன கணக்கு? மணப்பாட்டுக் கடற்கரையில் ஒரு மாலைப்பொழுது, கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போனாலும் போதும். எங்களுக்குப் பேச்சு வந்தது மெத்தையாலும் குடிலாலும் அல்ல, வேறு வேலை இல்லாததால்தான். பிரிந்து வாழும் தம்பதியர் நம் பங்கில் எத்தனை பேர் என்று அன்பியக் கூட்டங்களில் கணக்கெடுத்தால் திகைத்துப்போவோம். கணவர் விடுப்பில் வருகிற அந்த நாற்பது நாளில் வீடு கட்டும் வேலையையும், சொத்துத் தகராறையும், கோயில் வரியையும் அவர் தலையில் ஏற்றாமல் இருக்க முடியுமா என்று குடும்பத்தாரும் பங்குப்பேரவையாரும் யோசிக்கலாம். இது எங்கள் வேண்டுகோள்.

கிளம்புகிற அன்று தம்பி ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்தான். மனைவிக்கு. கூரியரில் அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தோம். அடுத்த மாதம் இடைக்காட்டூர் திரு இருதய ஆலயத்துக்குப் போனபோது, அப்படியே அவர்கள் ஊருக்கும் ஓர் எட்டுப் போய்வந்தோம். மாமனார் மாமியாரோடு இருக்கிற சின்னப்பெண், காப்பி போட்டுக் கொடுத்தாள். பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு, "அந்த ஊர் எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டாள். கைப்பேசியில் இருந்த படங்களைக் காட்டினோம். நீலக் கடல், குடில், மிதவை விமானம் எல்லாவற்றையும் விரலால் தள்ளிக்கொண்டே வந்தவள், படுக்கைமேல் இருந்த அந்த இரண்டு அன்னங்களில் நிறுத்தினாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இது அவங்க செஞ்சதா?" என்றாள்.

ஆமாம் என்றோம். மாமியார் உள்ளே இருந்து கூப்பிட்டார். அவள் எழுந்திருக்கவில்லை.